நாப்பது வருஷத்து போர்ட், நாலாயிரம் ரூபாய்க்குள்ள

போர்ட் ஒயின்னு சொன்னா நம்ம ஊர்ல பாதி பேருக்கு ஞாபகம் வர்றது கோவா டூர் முடிஞ்சு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி வாங்கிப் பையில திணிக்கிற அந்த இனிப்பு சிவப்பு ஒயின். மீதி பேருக்கு அது ஒரு டானிக், உடம்பு தேறணும்னு ராத்திரி மூடியளவு குடிக்கிற சமாச்சாரம். ரெண்டையும் நான் குறை சொல்ல வரல, அதுக்கு அது. ஆனா போர்ச்சுகல்ல டோரோ ஆத்துப் பள்ளத்தாக்குல ஒரே வருஷம் விளைஞ்ச திராட்சையில செஞ்சு, பாட்டில்ல அடைச்சு, நாப்பது வருஷம் யாரும் தொடாம கிடந்த வின்டேஜ் போர்ட்னு ஒண்ணு இருக்கு. அதை விலைக்கு வாங்க கோடீஸ்வரனா இருக்கணும்னு நினைச்சிட்டு இருந்தவன் நான், அப்படி இல்லவே இல்லன்னு அக்கா வீட்டுக்காரர் காட்டினாரு, அந்தக் கதை தான் இது.

மாமா இங்கிலாந்துல ரெடிங் பக்கம் இருக்காரு. ஐடி வேலை, ஆனா மனசெல்லாம் ஏலத்துல. பழைய வாட்ச், பழைய கேமரா, இப்ப சில வருஷமா பழைய ஒயின். அங்க ஒயினுக்குன்னே ஏலம் நடத்துற கம்பெனிங்க நிறைய, எல்லாம் ஆன்லைன்லயே நடக்குது, ராத்திரி சாப்டுட்டு சோஃபால உக்காந்தபடியே பிட் போடலாம். அக்கா இதைச் சொல்லும்போது ஒரு பெருமூச்சோட தான் சொல்லுவா, அது தனிக் கதை.

முதல்ல எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணு. நாப்பது வருஷத்து ஸ்காட்ச் லட்சக்கணக்குல போகுது. பிரான்ஸ்ல போர்தோ பகுதியோட பெரிய வீட்டு ஒயின்னா (வீடுன்னா ஒயின் செய்யற கம்பெனி) அதே வயசுல ஒரு பாட்டில் ஒருத்தர் மாச சம்பளம். போர்ட் மட்டும் ஏன் சல்லிசு? மாமா சொன்ன காரணம் ரொம்ப சிம்பிள், குடிக்க ஆள் இல்ல. 20 சதவீதம் ஆல்கஹால், நல்ல இனிப்பு, சாப்பாடு முடிஞ்சப்புறம் குடிக்கணும், அதுக்கு முன்னாடியே எல்லாரும் வயிறு முட்டத் தின்னுட்டு கார் எடுத்துட்டு வீட்டுக்குப் போற காலம் இது. ஆனா முந்தின தலைமுறை இங்கிலீஷ்காரன் இதை வாங்கி வாங்கி நிலவறையில அடுக்கி வச்சிருக்கான். குழந்தை பொறந்தா அந்த வருஷத்து போர்ட்டை வாங்கிப் போட்டு 21 வயசுல எடுத்துக் குடிக்கிறது அவங்க பழக்கம், வசதியான ஞானத்தகப்பன்னா ஒரு பைப்பே வாங்கிக் கொடுப்பாராம், பைப்புன்னா 550 லிட்டர் பிடிக்கிற பீப்பாய், அறுபது டஜன் பாட்டில் வரும். நம்ம பக்கம் பொண்ணு பொறந்தா தேக்கு நட்டு வைப்பாங்களே அந்த மாதிரி கணக்கு. இப்ப அந்தத் தாத்தாக்கள் போயிட்டாங்க, பேரன் பேத்திக்கு அந்த ருசி பிடிக்கல, வீட்டை விக்கும்போது நிலவறையையும் காலி பண்ணணும், அத்தனையும் ஏலத்துக்கு வந்து குவியுது.

அப்ப எல்லா போர்ட்டும் சல்லிசான்னு கேட்டா இல்ல. டெய்லர், ஃபொன்செக்கா, கிரஹாம் மாதிரி பேருக்கு எப்பவும் கிராக்கி. கிண்டா டோ நோவால்ல ஒட்டு போடாத பழைய கொடியில இருந்து செய்யற நாசியோனல்னு ஒண்ணு இருக்கு, அதெல்லாம் நம்ம வாய்க்கு எட்டாது. வருஷத்துலயும் 1963, 1977, 1994ன்னு சிலதுக்குப் பின்னாடி தான் கூட்டம் ஓடும். மாமா பாலிசி வேற, பெரிய பேர் இல்லாத நல்ல வீடு, பெரிய பேர் இல்லாத நல்ல வருஷம். கோல்ட் கேம்பெல், ஸ்மித் உட்ஹவுஸ், குவார்ல்ஸ் ஹாரிஸ்னு மூணு பேரு இருக்கு, நான் அதுவரைக்கும் கேள்விப்பட்டதே இல்ல. மூணும் சிமிங்டன் குடும்பத்தோடது. கிரஹாம், டவ், வார் இதெல்லாம் கூட அதே குடும்பம் தான். ஆனா லேபிள்ல பேர் மாறினதும் விலை பாதியாகுது. பணம் கொடுத்து ருசியை வாங்கணுமா பேரை வாங்கணுமாங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அவரு எடுத்த லாட் இது, லாட்னா ஒரே கட்டா ஏலம் விடற சரக்கு. கோல்ட் கேம்பெல் 1983 அஞ்சு பாட்டில், கூடவே லேபிளே இல்லாத ஒரு பாட்டில், கேட்லாக்ல "வின்டேஜ் போர்ட், விவரம் தெரியாது"ன்னு மட்டும் போட்டிருந்துச்சாம். தட்டின விலை 130 பவுண்டு. ஏல கம்பெனி கமிஷன் 20 சதவீதம், அந்தக் கமிஷனுக்கு மேல 20 சதவீதம் வாட் வரி, அப்புறம் டெலிவரி, எல்லாம் சேர்ந்து 180 பவுண்டு கிட்ட வந்துச்சு. ஆறால வகுத்தா பாட்டிலுக்கு 30 பவுண்டு, நம்ம காசுக்கு மூவாயிரத்து சொச்சம். புதுசா ரிலீஸ் ஆகுற பெரிய வீட்டு வின்டேஜ் போர்ட் அதைவிட ரெண்டு மடங்குக்கு மேல, அதையும் வாங்கி இருபது வருஷம் காத்திருந்தா தான் குடிக்க லாயக்கு. வேற எவனோ காசு போட்டு, இடம் கொடுத்து, நாப்பது வருஷம் காவல் காத்த பாட்டிலு பாதி விலைக்குக் கிடைக்குதுன்னா எனக்கு இன்னும் சிரிப்பா தான் இருக்கு.

1983ங்கறது எனக்கு ஸ்பெஷல். கபில்தேவ் கப்பு தூக்கின வருஷம், நான் பொறந்த வருஷமும் அதான். ஜூன்ல லார்ட்ஸ் பைனல், அப்புறம் இலையுதிர் காலத்துல டோரோல அறுவடை. அந்தக் காலத்துல இந்த மாதிரி ஒயினுக்குத் திராட்சையை கிரானைட் தொட்டியில கொட்டி முழங்கால் வரைக்கும் இறங்கி மணிக்கணக்கா மிதிப்பாங்க, இப்பவும் நல்ல சரக்குக்கு சில இடத்துல கால் மிதி உண்டு. பொங்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்லயே, சர்க்கரை பாதி மிச்சம் இருக்கும்போதே, 77 சதவீத திராட்சை ஸ்பிரிட்டை ஊத்தி நிறுத்திடுவாங்க. ஈஸ்ட் அவுட், இனிப்பு தப்பிச்சிடும். அப்புறம் மரப் பீப்பாய்ல ரெண்டு வருஷம் போல வச்சிருந்து, வடிகட்டாம அப்படியே பாட்டில்ல அடைச்சிடுவாங்க, மிச்ச வாழ்க்கை முழுக்க கண்ணாடிக்குள்ள தான். எல்லா வருஷமும் செய்யமாட்டாங்க, ஒவ்வொரு வீடும் இந்த வருஷம் தேறுச்சுன்னு தானா முடிவு பண்ணி டிக்ளேர் பண்ணும், பத்து வருஷத்துல மூணு தடவை நடந்தா பெரிசு.

இதுக்கும் நம்ம கடற்கரைக்கும் ஒரு பங்காளி உறவு இருக்கு, சொல்லாம விடமாட்டேன். இங்கிலீஷ்காரன் போர்ட் பக்கம் போனதே பிரெஞ்சுக்காரனோட சண்டை போட்டதால. சண்டையில பிரெஞ்சு ஒயின் வரத்து படுத்துச்சு, 1703ல மெத்துவன் ஒப்பந்தம் போட்டு போர்ச்சுகல் ஒயினுக்கு வரியைக் குறைச்சான். டோரோ பகுதிக்கு எல்லை கட்டினது 1756ல. அதே வருஷம் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல தொடங்கின ஏழாண்டுப் போர்ல தான் 1758ல பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிச்சான், 1761 ஜனவரில இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரியைப் பிடிச்சு தரைமட்டமாக்கினான். இங்க பீரங்கி வெடிச்சிட்டு இருந்தப்ப லண்டன்ல எதைக் குடிச்சிட்டு இருந்திருப்பானுங்கன்னு நினைக்கறீங்க. கூத்து என்னன்னா, பல வருஷமா அளவுக் கணக்குல போர்ட் அதிகமா வாங்கிட்டு இருக்கிறது பிரான்ஸ் தான்.

அது எனக்கு எங்க பாண்டிச்சேரி முத்தியால்பேட்டை பக்கத்து வீட்டு முசேவைப் பார்த்தே தெரியும், முசேன்னா பிரெஞ்சுல ஐயா. பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு, பென்ஷன் வருது, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி சின்ன கிளாஸ்ல ஐஸ் போட்ட போர்த்தோ (போர்ட்டுக்கு பிரெஞ்சுக்காரன் சொல்ற பேரு), பிரான்ஸ்ல இருக்கிற மகன் வரும்போதெல்லாம் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போறது. சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கிறது இங்கிலீஷ்காரன் கிறுக்குத்தனம்னு அவர் கட்சி. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பிட் போடறதுக்கு முன்னாடி மாமா என்ன பார்க்கிறார்னு வாட்ஸப்ல போட்டோ போட்டுப் பாடமே எடுத்தாரு. முதல்ல ஒயின் எந்த மட்டத்துல நிக்குதுன்னு. கழுத்துக்குள்ள நின்னா பேஷ், கழுத்து முடியற இடத்துல நின்னா நாப்பது வருஷத்துக்கு ஓகே, தோளுக்குக் கீழ இறங்கிடுச்சுன்னா கார்க் வழியா காத்து பூந்திருக்கு, இலவசமா கொடுத்தாலும் வேணாம். ரெண்டாவது மூடி மேல பிசுபிசுப்பு, கசிஞ்ச தடம். மூணாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது, லேபிள் கிழிஞ்சு பூஞ்சை பிடிச்சு அழுக்கா இருந்தா அவரு சந்தோஷப்படுவாரு. ஈரமான நிலவறையில தான் லேபிள் அப்படி ஆகும், ஈரம் கார்க்குக்கு நல்லது, ஆனா ஏலத்துல அழகான லேபிளைத் தேடறவன் அதைத் தாண்டிப் போயிடுவான், விலை இறங்கும். பளபளன்னு இருந்தா ஒருவேளை யாரோ ஹீட்டர் ஓடற ஹால்ல ஷோகேஸ்ல வச்சிருந்தாங்களோன்னு அவருக்கு டவுட்டு. இன்னொரு விஷயம், சில லாட்டுல "இன் பாண்ட்"னு, அதாவது இன்னும் வரி கட்டாம கிடங்குல இருக்கிற சரக்குன்னு போட்டு விலை ரொம்பக் கம்மியா தெரியும், அதை வெளிய எடுக்கும்போது டியூட்டியும் வாட்டும் தனியா கட்டணும், அந்தக் கணக்கைப் போட்டுட்டு தான் கையைத் தூக்கணும்.

பாண்டியில இருந்து பாட்டில் வெளிய போறது தான் உலக வழக்கம். செக்போஸ்ட்ல டிக்கியைத் திறந்து பார்க்கிற போலீஸ்காரருக்கே இங்க உள்ள வர்ற பாட்டில்னா நம்ப முடியாது. வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு ஒரு ஆளுக்கு 2 லிட்டர் மது டியூட்டி இல்லாம அலவன்ஸ், முக்கா லிட்டர் பாட்டில்னா ரெண்டு. கிறிஸ்மஸ் சமயத்துல வந்த மாமா ரெண்டு கொண்டாந்தாரு, ஒரு கோல்ட் கேம்பெல், ஒரு அனாதை பாட்டில். அக்காவோட அலவன்ஸ் முழுக்க அப்பாவுக்கான கோன்யாக், அதுல கைவைக்க யாருக்கும் தைரியம் இல்ல.

வின்டேஜ் போர்ட்ல வண்டல் நிறைய. வடிகட்டாம அடைச்சதால நாப்பது வருஷத்துல நிறமும் துவர்ப்பும் கட்டி அடியில பொறுக்கா படிஞ்சிருக்கும், விமானத்துல குலுங்கினதுல அது மொத்தமும் கலங்கிப் போச்சு. வந்த அன்னைக்கே திறக்கணும்னு எனக்குக் கை அரிச்சுது, மாமா விடல. பிரிட்ஜ்ல காய்கறி டிரேயை எடுத்துட்டு அந்த இடத்துல ரெண்டையும் நிக்க வச்சோம். கத்திரிக்காய்க்கு எங்க இடம்னு வீட்ல ஒரு சத்தம். நிலவறைக்கு நான் எங்க போவேன், இங்க தரையைத் தோண்டினா தண்ணி தான் வரும். ஏசி ரூம்னாலும் பகல்ல ஆப் பண்ணிடறோம், சூடு ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒயினை அழிக்கிறதுக்கு அதைவிட நல்ல வழி இல்ல. வருஷக்கணக்குல சேத்து வைக்கிற ஆசை இருந்தா பாட்டிலு இங்கிலாந்துலயே கிடக்கட்டும், குடிக்கிற மாசத்துல வந்தா போதும்.

காணும் பொங்கல் ராத்திரி திறந்தோம். நான் ரொம்ப யோசிச்ச விஷயம் கார்க். நாப்பது வருஷத்து கார்க்கைச் சாதாரண திருகாணியில இழுத்தா பாதியில ஒடியும்னு மாமா ஏற்கனவே சொல்லிட்டாரு. ரெண்டு மெல்லிசு தகடு வச்ச ஒரு கருவி இருக்கு, கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி இறக்கி, சுத்திக்கிட்டே இழுக்கணும். மூடியைக் கீறி எடுத்ததும் கார்க் தலையில கரும்பூஞ்சை, ஈரத் துணியால துடைச்சாரு. தகடு இறங்குது, முக்குது, ஒரு இஞ்ச் வருது, நிக்குது. எங்க எல்லாருக்கும் மூச்சு நின்னு போச்சு, முசே மட்டும் முந்திரி தின்னுட்டு இருந்தாரு. கடைசியில முக்கால்வாசி முழுசா வந்துச்சு, அடி கால்வாசி பொடிஞ்சு உள்ள விழுந்துச்சு. வந்த துண்டு என் சுண்டுவிரல் நீளம், கீழ்ப்பக்கம் ஒயின் ஊறி கருஞ்சிவப்பு, பக்கவாட்டுல மொபைல் டார்ச் அடிச்சுப் பார்த்தா சூடு போட்ட எழுத்து, பாதி அழிஞ்சு "கேம்பெல்", அடியில 1983.

மெழுகுவத்தி வச்சு வடிக்கிறது தான் சம்பிரதாயம், மாடியில கடல் காத்துக்கு எங்க நிக்கும், டார்ச்சையே கழுத்துக்கு அடியில பிடிச்சேன். துவைச்சு, சோப்பு வாசனை போக வெறும் தண்ணியில அலசிக் காயவச்ச மல் துணி, ஒரு எவர்சில்வர் புனல், ஒரு கண்ணாடி ஜாடி. மாமா ஒரே சாய்வுல, கை நடுங்காம, நிறுத்தாம ஊத்தினாரு. முதல்ல தெளிவான மாதுளை நிறம், ஓடுது ஓடுது, கடைசி ரெண்டு விரக்கடை இருக்கும்போது டார்ச் வெளிச்சத்துல கழுத்துக்குள்ள மெல்லிசா ஒரு கருப்புப் புகை நெளிஞ்சு வந்துச்சு, டக்குனு நிமித்திட்டாரு. மல் துணியில கார்க் தூளும் சில்லு சில்லா சிவப்பு பொறுக்கும். பாட்டில் அடியில நின்ன கலங்கலை மறுநாள் அக்கா மட்டன் குழம்புல ஊத்திட்டா, நல்லா தான் இருந்துச்சு.

ரூம் டெம்பரேச்சர்ல பரிமாறுங்கன்னு எழுதறவன் எல்லாம் எந்த ரூம்னு சொல்றதில்ல. 16ல இருந்து 18 டிகிரி தான் அவங்க நினைக்கிறது, நம்ம ரூமு அந்தக் கணக்குல அடுப்படி. ஜனவரி ராத்திரியே இங்க அதுக்கு மேல, அதனால ஜாடியை மறுபடி கொஞ்ச நேரம் பிரிட்ஜ்ல வச்சு எடுத்தோம். சூடாக் குடிச்சா ஸ்பிரிட் மட்டும் மூக்குல ஏறும், வேற ஒண்ணும் தெரியாது.

இப்ப சண்டை. முசே சாப்பாட்டுக்கு முன்னாடின்னாரு, மாமா சாப்பாட்டுக்கு அப்புறம்னாரு. நான் ஏழு மணிக்கே எல்லாருக்கும் இட்லி போட்டு முடிச்சிட்டு, ஒன்பது மணிக்கு கிளாஸ் எடுத்தேன். இதுல எனக்கு உறுதியான அபிப்பிராயம் இருக்கு, பிரியாணி தின்னுட்டு இதைக் குடிக்கிறது வேஸ்ட், காரம் அடங்காத நாக்குக்கு இது வெறும் இனிப்புத் தண்ணி.

குடிச்சதைச் சொல்றேன். ஓரத்துல செங்கல் நிறம், நடுவுல இன்னும் சிவப்பு. மூக்குல முதல்ல வந்தது காய்ஞ்ச அத்திப்பழம், அப்புறம் அதிமதுரம், கொஞ்சம் கழிச்சு பழைய மரப் பொட்டியைத் திறந்த வாசனை. வாயில இனிப்பு இருக்கு, ஆனா அது முன்னாடி வந்து நிக்கல. துவர்ப்பு முழுசா கரைஞ்சு ஒரு வழவழப்பு மட்டும் மிச்சம், கடைசியில லேசா மிளகு. 20 சதவீதம்னு சொன்னா தான் நம்பணும், தொண்டையில எரிச்சலே இல்ல. முழுங்கின பிறகும் ருசி நின்னுக்கிட்டே இருந்துச்சு, யாரும் ஒரு நிமிஷம் பேசல, பேசினதும் முதல்ல பேசினது என் வீட்டம்மா தான்: "இது நல்லாருக்கு, இன்னொரு பாட்டில் எப்ப?" பீர் வாசனைக்கே முகத்தைச் சுளிக்கிற ஆளு. முசே ரெண்டாவது கிளாஸ் கேட்டாரு, ஐஸ் கேக்கல, அதை மாமா தன்னோட வெற்றியா இன்னைக்கு வரைக்கும் சொல்லிட்டு இருக்காரு.

இங்கிலீஷ்காரன் இதுக்கு ஸ்டில்டன் சீஸும் வால்நட்டும் வைப்பான். நாங்க பண்ருட்டி முந்திரியை உப்பும் மிளகும் போட்டு வறுத்து வச்சோம், வால்நட்டை விட இதுதான் பெட்டர்னு அடிச்சுச் சொல்லுவேன். ஆரோவில்ல செய்யற டார்க் சாக்லேட்டும் ஓகே, ஆனா இனிப்பு கம்மியா இருக்கிறதா பாத்து வாங்கணும். கிறிஸ்மஸுக்கு முசே வீட்ல செஞ்ச விவிகம் கேக் ஒரு துண்டு மிச்சம் இருந்துச்சு, ரவையும் நெய்யும் ரம்முல ஊறின பழமும், இது ரெண்டும் சேந்தா கொஞ்சம் ஓவர். பேரீச்சம்பழம் வேணவே வேணாம், இனிப்பு மேல இனிப்பு.

மிச்சம் இருந்ததை மறுநாள் சாயங்காலம் முடிச்சோம். இவ்வளவு வயசானதுக்குத் திறந்தப்புறம் ரெண்டு மூணு நாள் தான் ஆயுசு, அதுவும் பிரிட்ஜ்ல. மாசக்கணக்குல திறந்து வச்சு சாவகாசமாக் குடிக்கணும்னா டானிங்கற போர்ட் வகையை வாங்குங்க, அது பீப்பாய்லயே காத்து பட்டு வளந்தது, 10 வருஷம் 20 வருஷம்னு லேபிள்ல வயசு போட்டிருக்கும். ஏர்போர்ட் கடையில கண்ணுல படறதும் பெரும்பாலும் அது தான். நல்ல சரக்கு, நட்டி ருசி, ஆனா எனக்கு வின்டேஜ் அளவுக்கு ஆழம் தெரியல. முசே கேட்டா சண்டைக்கு வருவாரு.

அந்த அனாதை பாட்டிலை வெயில் ஏறுறதுக்குள்ள மாசியில திறந்தேன், மாமா ஊருக்குப் போயிட்டாரு, வீடியோ கால்ல இருந்து டைரக்‌ஷன். கருவியை விட்டுட்டுப் போயிருந்தாரு. வயித்துல சுண்ணாம்பு மாதிரி வெள்ளை பெயின்ட் ஒரு கோடு, படுக்க வைக்கும்போது எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அதைத் தெரிஞ்சுக்க அந்தக் காலத்துல போட்டது, வண்டல் அதுக்கு எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கும். கார்க் இந்த தடவை முழுசா வந்துச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு நான் படிக்க, அந்தப் பக்கம் மாமா கத்தின கத்துல அக்கா ஓடி வந்தா. ஸ்மித் உட்ஹவுஸ் 1980. யாரும் கண்டுக்காத வருஷம், ஆனா விஷயம் தெரிஞ்சவங்க விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காதுன்னு சொல்ற சரக்கு. கேம்பெலை விட இது இன்னும் மெலிசு, நன்னாரி வாசனை தூக்கல், இனிப்பும் கம்மி. எனக்கு 83, வீட்டம்மாவுக்கு 80, முசேவுக்கு எது திறந்திருக்கோ அது.

கேம்பெல்ல ஒண்ணை மாமா அவரு பிரெண்ட்ஸோட முடிச்சிட்டாரு, அங்க இன்னும் மூணு கிடக்கு. இப்ப டெய்லரோட வர்கெல்லாஸ் தோட்டத்து 1987 ஒரு லாட் வருது, பெரிய வீடு மொத்த தோட்டத்தையும் கலந்து டிக்ளேர் பண்ணாத வருஷத்துல ஒரே தோட்டத்துச் சரக்கை மட்டும் தனியா போடுவாங்க, அதுவும் விலை இறங்கித் தான் போகும். பாட்டிலுக்கு 35 பவுண்டுக்கு மேல போகாதீங்கன்னு நான் சொல்லியிருக்கேன், 40 வரைக்கும் போலாம்னு அவரு. அடுத்த தடவை வரும்போது அக்கா அலவன்ஸ்ல ஒரு பாட்டிலாவது கிடைக்குமான்னு நைஸா கேட்டுப் பார்த்தேன், அப்பா கிட்ட பேசிக்கோன்னு போனை அவரு கையில கொடுத்துட்டா.